இரண்டு காவலும் மூன்று பற்களும்

அத்தியாயம் 17

அக்கா பொய் சொல்கிறவள் அல்ல. யார் எதைச் சொன்னாலும் சரி என்று சொல்கிறவள். இரண்டுக்கும் நடுவே பெரிய தூரம் இல்லை என்பது அவளுக்கு ஒரு வியாழக்கிழமை பகல் பதினொன்று நாற்பதுக்குத் தெரியவந்தது.

நடுவில் இரண்டு வாரம் பத்திரிகை கைக்குக் கிடைக்காதவர்களும் இருப்பீர்கள். உங்களுக்காகக் கொஞ்சம் பின்னால் போய்விட்டு வந்துவிடலாம்.

வீட்டின் முன்னறையில் அக்கா ஒரு பல் லேப் நடத்துகிறாள். டாக்டர்கள் நோயாளியின் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். அவள் அதைக் கம்ப்யூட்டரில் வைத்துப் பல்லை வரைவாள். பக்கத்தில் இருக்கும் மெஷின் அந்தப் பல்லை ஒரு வெள்ளைத் தட்டிலிருந்து கடைந்து கொடுக்கும். தெருவில் பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் அக்காதான். நமக்கும் அப்படியே இருக்கட்டும்.

அவள் வீட்டுக்காரர் சர்வேயர். நிலம் அளக்கிறவர் இல்லை. விபத்தில் அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, தப்பு யார் பக்கம் என்று அறிக்கை எழுதுகிறவர். மூன்று மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை, வைரஸ் புகுந்து லேப் கம்ப்யூட்டரில் இருந்த அத்தனை ஃபைலையும் பூட்டிவிட்டது. ஒன்பது நாள் லேப் மூடிக் கிடந்தது. சர்வேயர் தொழில் பழக்கத்தில் அதற்கும் ஒரு அறிக்கை வாசித்தார். ஞாயிற்றுக்கிழமை அக்காவின் தம்பி வந்தான். ஒரு பென்டிரைவைச் சொருகிப் படம் காட்டினான். செவ்வாய்க்கிழமை வைரஸ். இதில் விசாரிக்க என்ன இருக்கிறது?

தம்பி ஒரு பெரிய அலுவலகத்தில் கம்ப்யூட்டர் பிரிவில் இருக்கிறவன். அவனைப் பார்த்து அப்படிச் சொன்னால் எப்படி இருக்கும்? சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தான். அன்றிலிருந்து அக்காவைப் பார்க்க வந்தால் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே பேசிவிட்டுப் போனான்.

லேப்புக்குப் பாதி வேலை கொடுக்கிறவர் ஒரே ஒரு டாக்டரம்மா. அவரிடமும் அக்கா, "தம்பியோட பென்டிரைவ்ல வந்துடுச்சு டாக்டர்" என்று சொல்லித் தொலைத்திருந்தாள். டாக்டரம்மா ஒரு நிபந்தனை போட்டார். "உங்க தம்பி இனிமே அந்த மெஷின்ல கை வெக்கக் கூடாது. வெச்சான்னு தெரிஞ்சா அன்னியோட என் வேலை உங்களுக்கு வராது." அக்கா சரி என்றாள்.

அதே வாரத்தில் தம்பி போன் செய்தான். "அக்கா, நான் வீட்டுக்கு வரலை. இங்கேர்ந்தே உன் கம்ப்யூட்டருக்குள்ள வந்து ஒரு ஆன்டிவைரஸ் போட்டுடறேன். யாருக்கும் சொல்லாதே." அக்கா அதற்கும் சரி என்றாள். திரையின் கீழ் மூலையில் ஒரு பச்சைக் கேடயம் வந்து உட்கார்ந்தது.

இரண்டு நாள் கழித்து சர்வேயர் தம் கையாலேயே வேறொரு ஆன்டிவைரஸ் போட்டார். அது ஒரு நீலப் பூட்டு. போடும்போதே, 'இங்கே ஏற்கெனவே ஒரு காவல் இருக்கிறதே, தொடரலாமா?' என்று அது கேட்டது. சர்வேயர் தொடரலாம் என்று அழுத்திவிட்டு, அக்காவிடம், "அந்தப் பச்சையை எடுத்துடு" என்றார். அடுத்த வாரம் தம்பி போனில், "அந்த நீலம் எங்கேர்ந்து வந்துச்சு? எடுத்துடு" என்றான்.

அக்கா இரண்டு பேரிடமும் எடுத்துவிட்டேன் என்றாள். எதையும் எடுக்கவில்லை. ஒன்றை எடுத்தால் ஒருத்தருக்கு வருத்தம். இரண்டும் இருந்தால் இரட்டைப் பாதுகாப்புதானே என்று அவளே ஒரு சமாதானம் செய்துகொண்டாள். சர்வேயர் மாலையில் மெயில் பார்க்க வரும் நேரத்துக்குப் பச்சைக் கேடயத்தை இழுத்து ஒளித்து வைப்பாள். தம்பி போன் செய்து அங்கிருந்தே உள்ளே எட்டிப் பார்த்தால் நீலப் பூட்டை ஒளித்து வைப்பாள். இரண்டரை மாதமாக இதை ஒரு வீட்டு வேலை மாதிரி சலிக்காமல் செய்துவந்தாள்.

இனி வியாழக்கிழமைக்கு வருவோம்.

அன்றைய வேலை மூன்று முன்பற்கள். மாடிப்படியில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்ட ஒரு ஆசிரியை மறுநாள் காலை தலைமை ஆசிரியையாகப் பொறுப்பேற்கிறார். நானூறு பிள்ளைகள் அவர் வாயைத்தான் பார்ப்பார்கள். மாலை ஐந்து மணிக்கு டாக்டரம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்திருப்பார். அதற்குள் மூன்று பல்லும் சேர்ந்த தற்காலிக பிரிட்ஜ் ஒன்று போய்ச் சேர வேண்டும்.

அக்கா காலையிலிருந்து உட்கார்ந்து வரைந்து முடித்தாள். நடுப்பல்லின் ஓரத்தில் ஒரு சின்னத் தேய்மானம்கூட வைத்திருந்தாள். புத்தம் புதுப் பல் வாயில் போனால் பொய்ப்பல் என்று ஊருக்கே தெரிந்துவிடும். திருப்தியாக இருந்தது. மெஷினுக்கு அனுப்பும் பொத்தானை அழுத்தினாள்.

கம்ப்யூட்டர் மூச்சு விட மறந்துவிட்டது.

மவுஸை நகர்த்தினால் அம்பு அடி எண்ணிக்கொண்டு நகர்ந்தது. உள்ளே இருக்கும் விசிறி மட்டும் பறந்தது. இது புதிதில்லை. ஒரு மாதமாகவே அந்தக் கம்ப்யூட்டர் கர்ப்பஸ்திரி மாதிரிதான் அசைந்துகொண்டிருந்தது. வயசாகிவிட்டது என்று அக்கா விட்டுவிட்டாள். அணைத்துப் போட்டாள். திரும்ப எழுந்துகொள்ளப் பதினான்கு நிமிஷம் எடுத்துக்கொண்டது. எழுந்த பிறகு பார்த்தால், மூன்று பற்களும் இருந்த ஃபோல்டர் காலி. மெஷினை ஓட்டும் ப்ரோக்ராமும் திறக்க மாட்டேன் என்றது.

அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

அந்த நேரம் பார்த்து டாக்டரம்மா போன் செய்தார்.

"எப்படிப் போகுது?"

"போயிட்டிருக்கு டாக்டர். மெஷின் கொஞ்சம் மக்கர் பண்ணுது."

"மறுபடியுமா? உங்க தம்பி கை வெச்சானா?"

"இல்லவே இல்ல டாக்டர்."

அவன் நேரில் வந்து கை வைக்கவில்லை என்ற வரைக்கும் அது உண்மைதான்.

"அஞ்சு மணி. நல்லா கேட்டுக்குங்க. ஒன்பது நாள் பொறுத்துக்கிட்டேன். பதினோரு வருஷப் பழக்கம்னு பொறுத்துக்கிட்டேன். இன்னொரு தடவை நான் நோயாளி முன்னாடி அசடு வழிய மாட்டேன்."

போனை வைத்ததும் அக்கா கணக்குப் போட்டாள். கடைய நாற்பது நிமிஷம். தேய்த்து மெருகு ஏற்ற நாற்பது நிமிஷம். கொண்டுபோக இருபது. இடையில் ஏதாவது தவறினால் திருத்தக் கொஞ்ச நேரம் வேண்டாமா? மூன்று மணிக்காவது மெஷின் ஓட ஆரம்பிக்க வேண்டும். தவறினால் பாதி வேலை போகும். பாதி வேலை போனால் லேப்பே போகும்.

தம்பியைக் கூப்பிடாவிட்டால் பல் இல்லை. கூப்பிட்டது தெரிந்தால் டாக்டரம்மா இல்லை. அக்கா ஐந்து நிமிஷம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தம்பியைக் கூப்பிட்டாள்.

அவன் அலுவலகத்திலிருந்தே உள்ளே வந்து பார்க்க முயன்றான். முடியவில்லை. ஏதோ ஒன்று அவனை நுழையவிடாமல் தள்ளியது.

"அக்கா, நேர்லதான் வரணும். வரவா?"

"அத்தான் வெளியூர் ரோட்டுல ஒரு லாரி பாக்கப் போயிருக்கார். சாயங்காலம்தான் வருவார். நீ வா."

"அத்தானுக்காகக் கேக்கலை. உன் டாக்டருக்காகக் கேக்கறேன்."

"வாடான்னா."

ஒன்று பத்துக்கு ஸ்கூட்டர் வந்து நின்றது. தம்பி கேட்டில் கை வைத்தபடி ஒரு விநாடி நின்றான். பிறகு உள்ளே வந்தான். மூன்று மாதத்தில் இளைத்திருந்தான். வெளியே வெயிலில் வைத்துப் பார்க்கும்போது அக்காவுக்கு அது தெரியவில்லை. அறைக்குள் பார்த்ததும் சுருக்கென்றது.

உட்கார்ந்து, ஒளித்து வைத்திருந்தவற்றை ஒவ்வொன்றாக வெளியே இழுத்தான். பச்சை வந்தது. பக்கத்திலேயே நீலம் வந்தது.

"இதை எடுத்துட்டேன்னு சொன்னியே?"

"ம்."

"அத்தான்கிட்ட?"

"அவர்கிட்ட உன்னோடதை எடுத்துட்டேன்னு சொன்னேன்."

தம்பி நாற்காலியைத் திருப்பி அவளைப் பார்த்தான். கோபப்படுவதா சிரிப்பதா என்று அவனுக்கே தெரியவில்லை போலிருக்கிறது.

"அக்கா, இது ரெண்டுமே நல்ல சரக்குதான். தனித்தனியா இருந்தா. புதுசா ஒரு ஃபைல் வந்தா உடனே பிடிச்சுப் பிரிச்சுப் பாக்கறதுதான் இதுங்க வேலை. ரெண்டும் ஒரே நேரத்துல ஒரே ஃபைலைப் பிடிச்சு இழுக்குது. பச்சை பாக்குது, யாரோ ஒருத்தன் ஃபைலுக்குள்ள கையை விடறான். அது நீலம்னு அதுக்குத் தெரியாது. திருடன்னு நெனைக்குது. நீலமும் அப்படியே நெனைக்குது. நடுவுல மாட்டினது உன் பல்லு."

"என் பல்லு என்ன தப்பு பண்ணுச்சு?"

"ஒண்ணும் பண்ணலை. குவாரண்டைன்ல தூக்கிப் போட்டுடுச்சு. காய்ச்சல் இருக்கோ இல்லையோ, சந்தேகம் வந்தா உள்ள தள்ளிக் கதவைச் சாத்துற மாதிரி."

"ரெண்டு இருந்தா டபுள் காவல்னு நெனைச்சேன்டா."

"ஒருத்தனை ஒருத்தன் காவல் காத்துட்டிருக்கான். திருடன் வந்தாக்கூடப் பாக்க ஆள் கிடையாது."

பேசிக்கொண்டே விரல்கள் வேலை செய்தன. பச்சையின் குவாரண்டைனைத் திறந்தான். மெஷின் ப்ரோக்ராமின் துண்டுகள் அங்கே இருந்தன. மீட்டான். இனி இவற்றைத் தொடாதே என்று பச்சைக்குச் சொல்லியும் வைத்தான். பற்கள் இருந்த ஃபைலும் அங்கேதான் கிடந்தது. அதையும் மீட்டான். ஃபோல்டரில் ஃபைல் வந்து நின்றது. அக்கா மூச்சு விட்டாள். விட்டு முடிப்பதற்குள் ஃபைல் மறைந்தது.

"நீலம் எடுத்துடுச்சு" என்றான் தம்பி.

"அப்ப நீலத்தைத் தூக்கு."

"பாஸ்வேர்டு போட்டிருக்கார். லிஸ்ட்டைப் பாக்கவும் பாஸ்வேர்டு, எடுக்கவும் பாஸ்வேர்டு. பலவந்தமா எடுக்கலாம். ஆனா உள்ள மாட்டிக்கிட்ட உன் பல்லும் அதோட போயிடும்."

அக்கா சர்வேயரை மூன்று முறை கூப்பிட்டாள். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் லாரிகள் இரைந்தன.

"ஏங்க, அந்த நீலத்துக்கு என்ன பாஸ்வேர்டு?"

லாரி இரைச்சலிலிருந்து அவர் தள்ளிப் போனார்.

"எதுக்கு?" என்றார்.

"என் ஃபைலை அது எடுத்துடுச்சுங்க. மூணு மணிக்குள்ள வேணும்."

"நான் வந்து எடுத்துத் தரேன்."

"சொன்னீங்கன்னா நானே எடுத்துப்பேனே."

"நீ எதையும் தொடாதே. வந்துட்டே இருக்கேன். அங்க வேற யாராவது இருக்காங்களா?"

"யாரும் இல்லைங்க" என்றாள் அக்கா. தம்பி திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

லாரியைப் பாதிப் பார்வையில் விட்டுவிட்டு சர்வேயர் இரண்டு இருபதுக்கு வந்து சேர்ந்தார். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அவர் ஒரு வண்டியைப் பாதியில் விட்டு வந்ததாக அக்காவுக்கு நினைவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நாற்காலியில் தம்பியைப் பார்த்ததும் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும் என்று அக்கா எதிர்பார்த்தாள். வெடிக்கவில்லை. அவர் பயந்த மாதிரி இருந்தார்.

"வாங்க அத்தான்" என்றான் தம்பி எழுந்து.

"வா மாப்ள." அவ்வளவுதான். "ரெண்டு பேரும் கொஞ்சம் வெளிய இருங்க. நான் திறந்து எடுத்துத் தரேன்."

"எந்த ஃபைல்னு உங்களுக்குத் தெரியாதே" என்றாள் அக்கா. "நான் இருக்கேன்."

தம்பி வாசலுக்கு நகர்ந்தான். போகிற போக்கில், "எடுத்ததும் நீலத்தைத் தூக்கிடுங்க அத்தான். ரெண்டும் இருந்தா கடையறப்ப நடுவுல நின்னுடும். பச்சைக்கு நான் எல்லாம் சொல்லி வெச்சுட்டேன்" என்றான். ஜன்னலுக்கு வெளியே இருந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தான்.

சர்வேயர் விசைப்பலகையைத் தோளால் மறைத்துக்கொண்டு பாஸ்வேர்டைத் தட்டினார். பட்டியல் திறந்தது.

இன்றைய தேதியில் பதினொரு வரிகள். எல்லாம் அக்காவின் ஃபைல்கள். மூன்று பற்கள் நான்காவது வரியில் இருந்தன. எல்லாவற்றுக்கும் கீழே, தனியாக, பழைய தேதியில் ஒரு வரி. பிடித்து உள்ளே போட்டு இரண்டரை மாதம் ஆகியிருந்தது.

அக்கா பல்லின் உள்வளைவை நூலளவு பிசகாமல் பார்க்கிறவள். ஒரு வரியைப் படிப்பது பெரிய காரியமில்லை. ஃபைலின் பெயர், லாரிப் படங்கள். இருந்த இடம், சர்வேயரின் ஃபோல்டர். வந்து சேர்ந்த நாள், அந்தச் செவ்வாய்க்கு முந்தைய சனிக்கிழமை மாலை ஆறு ஐம்பது. பக்கத்தில் சிவப்பு எழுத்தில், ஃபைல்களைப் பூட்டும் வைரஸ்.

தம்பி பென்டிரைவோடு வந்தது ஞாயிற்றுக்கிழமை.

"இது என்னங்க?"

சர்வேயர் நான்காவது வரியைத் தொட்டு, மீட்கும் பொத்தானை அழுத்தினார். பற்கள் திரும்பி வந்தன. இந்தத் தடவை அங்கேயே நின்றன.

"முதல்ல உன் பல்லைப் பாரு" என்றார்.

"பாத்துட்டேன். இது என்னங்க?"

"மெயில்ல வந்துச்சு. லாரி படம்னு யாரோ அனுப்பியிருந்தான். திறந்தேன். ஒண்ணும் தெரியலை. வழக்கம்போல என் தனி டிஸ்க்குல காப்பி எடுத்து வெச்சேன். மெயிலை அழிச்சேன். கம்ப்யூட்டரைத் துடைச்சுச் சரி பண்ணப்புறம் அந்த டிஸ்க்லேர்ந்து என் ஃபோல்டரைத் திரும்பப் போட்டேன். இந்த நீலம் கண்டுபிடிச்சு அதை உள்ள இழுத்துப் போட்டுடுச்சு. டிஸ்க்குல இருந்த காப்பியையும் அழிச்சுடுச்சு."

"அன்னிக்கே தெரியுமா?"

"அன்னிக்கே தெரியும்."

"பாஸ்வேர்டு அதுக்குத்தானா?"

அவர் தலையை ஆட்டினார். "அழிச்சிருக்கலாம். கை வரலை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு போயிடுச்சு."

அக்காவுக்குக் கோபம் வந்தது. வந்தது என்றால் சாதாரணக் கோபம் இல்லை. எதிரில் இருந்த வெள்ளைத் தட்டைத் தூக்கிச் சுவரில் அடிக்க வேண்டும் என்று கை துடித்தது. சுவரில் கடிகாரம் இருந்தது. இரண்டு ஐம்பது.

"நீலத்தை எடுத்தா இந்த வரியும் போயிடும்" என்றார் சர்வேயர் மெதுவாக. "மெயில் இல்ல. டிஸ்க்ல இல்ல. இது ஒண்ணுதான் மிச்சம். நீ சொல்லு. எடுக்கவா?"

போன் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. ஒரு படம் எடுக்க எவ்வளவு நேரம் ஆகும்? அக்காவுக்கு அது தோன்றாமல் இல்லை. தோன்றியது. ஆனால் அந்த வரி போனால் போகட்டும், வீட்டுக்குள் ஒரு சண்டையாவது குறையும் என்றும் மனசின் ஒரு மூலையில் தோன்றியது. அதை மறைப்பானேன். மூன்று மாதம் இரண்டு பேருக்கும் சரி சொன்னவளுக்கு அந்த மூலை பழகின மூலைதான்.

"எடுங்க" என்றாள்.

நீலப் பூட்டு போய்விட்டது. கம்ப்யூட்டர் பத்து வயசு குறைந்த மாதிரி விறுவிறுவென்று ஓடியது. மூன்று அடிக்க இரண்டு நிமிஷம் இருக்கும்போது மெஷின் வெள்ளைத் தட்டைக் கடைய ஆரம்பித்தது.

தம்பி அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டு, மெஷின் நின்றுவிட்டால் பார்க்க ஆள் வேண்டும் என்று பெஞ்சிலேயே இருந்தான். சர்வேயர் உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து அக்காவின் காதோரம், "நானே அவன்கிட்ட சொல்றேன். கொஞ்சம் டைம் குடு. நல்ல நேரமாப் பாத்து" என்றார். அக்கா சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கடைந்து வந்த பற்களை விளக்கின் கீழே பிடித்துத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

நாலு இருபதுக்கு டாக்டரம்மாவின் போன். அக்காவின் இரண்டு கையிலும் மெருகுப் பொடி. முழங்கையால் ஸ்பீக்கரைத் தட்டினாள்.

"கிளம்பியாச்சா?"

"அஞ்சு நிமிஷம் டாக்டர். மெருகு முடிஞ்சுது. பொருத்திப் பாத்துட்டேன், ஓரமெல்லாம் சுத்தமா உக்காருது."

"அப்பாடா. எப்படிச் சரியாச்சு மெஷின்?"

சர்வேயர் அறை வாசலில் நின்றார். ஜன்னலுக்கு வெளியே தம்பியின் தலை தெரிந்தது. போனில் வரும் ஒவ்வொரு வார்த்தையும் இரண்டு பேருக்கும் கேட்டது. தானே சரியாகிவிட்டது என்று சொல்லலாம். கடையிலிருந்து ஆள் வந்தார் என்று சொல்லலாம். வாயில் தயாராகவே இருந்தது.

"யார் சரி பண்ணாங்க?" டாக்டரம்மாவின் குரல் மாறியது. "உங்க தம்பி இல்லையே?"

"அவன்தான் டாக்டர்."

"நான் என்ன சொல்லியிருந்தேன் உங்ககிட்ட?"

"சொன்னீங்க. அவன் வராம இருந்திருந்தா இன்னிக்குப் பல்லு இல்ல. இன்னொண்ணும் சொல்லணும். அன்னிக்கு அந்த வைரஸ் அவன் பென்டிரைவ்ல வரலை. எங்க வீட்டுக்காரர் மெயில்ல வந்துச்சு. உங்ககிட்ட அவனைச் சொன்னது நான்தான். தப்பாச் சொல்லிட்டேன்."

போனுக்கு அந்தப் பக்கம் யாரோ வாய் கொப்பளிக்கும் சத்தம் கேட்டது.

"பல்லை எடுத்துட்டு வாங்க. மிச்சத்தை நேர்ல பேசிக்கலாம்" என்றார் டாக்டரம்மா. வைத்துவிட்டார்.

தம்பி ஜன்னலில் இல்லை. எழுந்து வந்து அறைக்குள் நின்றான். அவன் அக்காவைப் பார்க்கவில்லை.

"எப்பலேர்ந்து தெரியும் அத்தான்?"

சர்வேயர் தரையைப் பார்த்தபடி சொன்னார். "ரெண்டரை மாசமா."

"ரெண்டரை மாசம்." தம்பி அதை வாய்க்குள் வைத்துப் பார்த்தான். சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அந்தப் பென்டிரைவை நான் எத்தனை தடவை சோதிச்சேன் தெரியுமா? எண்ணிக்கை விட்டுப்போச்சு. ஒவ்வொரு தடவையும் சுத்தம்னுதான் வந்துச்சு. இருந்தாலும் அத்தான் சும்மா சொல்ல மாட்டார், தப்பு யார் பக்கம்னு பாக்கறதுதானே அவர் வேலைன்னு நெனைச்சேன். எனக்கே என் மேல நம்பிக்கை போச்சு அத்தான்."

"மாப்ள, நான்..."

"அது ஆபீஸ் பென்டிரைவ். வெளிய ஒரு கம்ப்யூட்டருக்கு வைரஸ் கொண்டு போயிருந்தா எழுதிக் குடுக்கணும்னு விதி. மூணு மாசம் மென்னு முழுங்கிட்டு இருந்தேன். தூக்கம் வரலை. முந்தாநாள் எழுதிக் குடுத்துட்டேன். என் கவனக்குறைவுதான்னு, கையெழுத்துப் போட்டு. திங்கக்கிழமை விசாரணை வெச்சிருக்காங்க."

அக்கா கையில் இருந்த பற்களை மெல்லக் கீழே வைத்தாள்.

"வேலை போயிடுமாடா?"

"போகலாம்." அவன் முகத்தில் மூன்று மாதத்தில் முதல் தடவையாக ஒரு தெளிவு வந்தது. "ஆனா இப்பப் பரவாயில்ல. அந்த நீலத்தோட லிஸ்ட்ல இருந்திருக்குமே அக்கா, நீலத்தைத் தூக்கறதுக்கு முன்னாடி அதைச் சேவ் பண்ணி வெச்சிருப்பீங்களே. தேதி, நேரம், எந்த ஃபோல்டர், எல்லாம் அதுல பதிவாயிருக்கும். அதை ஒரு படம் எடுத்துக் காட்டினாப் போதும், எல்லாம் முடிஞ்சுது. வேற எவன் சாட்சியும் வேண்டாம்."

நாற்காலியை இழுத்து உட்கார்ந்தான். மவுஸைப் பிடித்தான். அம்பு சொன்ன இடத்துக்குச் சட்டென்று போய் நின்றது. ஒவ்வொன்றாகத் திறந்தான். மூடினான். மறுபடி திறந்தான்.

"அக்கா, அது எங்க?"

சர்வேயர் வாயைத் திறந்தார். அக்கா அவரைக் கையமர்த்தினாள்.

"நான்தான் அதையும் சேத்து எடுத்துடச் சொன்னேன்" என்றாள்.